ஃபோல்டரைத் திறந்தாலே ஓடும் கமாண்ட்

ப்ராஜெக்ட்டை எடிட்டர்ல திறந்ததும் முதல் ரெண்டு நிமிஷம் நாம என்ன பண்றோம்? டெர்மினலைத் திறக்கறோம், பேக்எண்ட் ஃபோல்டருக்குப் போறோம், பைத்தான் என்விரான்மென்ட்டை ஆக்டிவேட் பண்றோம், சர்வரை ஓட விடறோம். இன்னொரு டெர்மினல், அதுல ஃப்ரண்ட்எண்ட். மூணாவதுல டேட்டாபேஸ் கன்டெய்னர். இதுக்குள்ள டீ ஆறிடும்.

கருவடிக்குப்பத்துல நாங்க நாலு பேர் ஒரு மாடி வீடு எடுத்துத் தங்கியிருக்கோம். (பாரதியார் குயில் பாட்டு எழுதின தோப்பு இந்த ஊர்லதான் இருந்துச்சுன்னு அட்வான்ஸ் வாங்கும்போதே ஓனர் சொல்லிட்டார். இப்ப குயிலை விட ஈசிஆர் பஸ் ஹாரன்தான் அதிகம் கேக்குது.) நாலு பேருக்கும் ஒரே ஃபைனல் இயர் ப்ராஜெக்ட், நாலு லேப்டாப், ரெண்டு விண்டோஸ், ரெண்டு உபுண்டு. "எனக்கு ஓடுது, உனக்கு ஏன் ஓடல" என்ற சண்டையில் பாதி, யாரோ ஒருத்தர் ஒரு கமாண்டை மறந்ததால வர்றது. இதுக்கு விஎஸ் கோட்ல ஒரு நல்ல தீர்வு இருக்கு. அதே தீர்வை வச்சு வேலை தேடற பசங்களோட லேப்டாப்பைக் காலி பண்ற ஒரு கும்பலும் இருக்கு. ரெண்டையும் சேர்த்தே சொல்லணும், ஏன்னா ரெண்டும் ஒரே ஃபைல்ல, ஒரே வரியில நடக்குது.

முதல்ல நல்ல பக்கம். ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள்ள .விஎஸ்கோட் என்று புள்ளியில் தொடங்கும் ஒரு ஃபோல்டர் இருக்கும். அதுக்குள்ள டாஸ்க்ஸ்.ஜேசான் என்று ஒரு ஃபைல். இல்லைன்னா கன்ட்ரோல் ஷிஃப்ட் பி அழுத்தி 'கான்ஃபிகர் டாஸ்க்' என்று தேடினா எடிட்டரே உருவாக்கித் தரும். இந்தக் கட்டுரையில எல்லாப் பேரையும் தமிழ் எழுத்துல எழுதறேன், ஃபைல்ல ஆங்கிலத்துலதான் வரும். முதல் ரெண்டு எழுத்து அடிச்சாலே எடிட்டர் மீதியைக் காட்டும், அதனால ஸ்பெல்லிங் பயம் வேண்டாம்.

அந்த ஃபைல்ல ஒவ்வொரு டாஸ்க்கும் ஒரு சின்ன கட்டம். 'லேபிள்' என்பது நாம வைக்கற பேர். 'டைப்' பெரும்பாலும் ஷெல். 'கமாண்ட்' என்பது டெர்மினல்ல நாம டைப் பண்ற அதே வரி. எந்த ஃபோல்டர்ல இருந்து ஓடணும்னு 'ஆப்ஷன்ஸ்'க்குள்ள சொல்லலாம். விண்டோஸுக்கு ஒரு கமாண்ட், லினக்ஸுக்கு ஒண்ணு, மேக்குக்கு ஒண்ணுன்னு தனித்தனியா எழுதவும் இடம் இருக்கு. எங்க ரெண்டு-ரெண்டு பிரச்சினை இதுலதான் தீர்ந்தது. சர்வர் மாதிரி முடியாம ஓடிக்கிட்டே இருக்கற டாஸ்க்குக்கு 'ஈஸ் பேக்ரவுண்ட்' என்பதை ட்ரூ என்று வைக்கணும். பல டாஸ்க்கை ஒண்ணாக் கட்ட 'டிபெண்ட்ஸ் ஆன்' இருக்கு: 'எல்லாம்' என்று ஒரு டாஸ்க் எழுதி, அது டேட்டாபேஸ், பேக்எண்ட், ஃப்ரண்ட்எண்ட் மூணையும் சார்ந்ததுன்னு சொல்லிட்டா போதும். சும்மா விட்டா மூணும் ஒரே நேரத்துல கிளம்பும். ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா வரணும்னா 'டிபெண்ட்ஸ் ஆர்டர்' என்பதை சீக்வென்ஸ் என்று வைக்கணும். ஆனா முடியவே முடியாத சர்வரை வரிசையில முதல்ல நிறுத்தினா அடுத்தது தன் முறைக்காகக் காத்துக்கிட்டே இருக்கும். அதுக்குத்தான் 'ப்ராப்ளம் மேட்சர்'. சர்வர் தயாராயிட்டதா என்பதை டெர்மினல்ல வர்ற எழுத்தைப் பார்த்து எடிட்டர் புரிஞ்சுக்கற ஏற்பாடு அது. அதை எழுத ஒரு மாலை நேரம் போகும். எங்களுக்குப் போச்சு.

இவ்வளவும் செஞ்ச பிறகும் டாஸ்க்கை நாமதான் ஓட்டணும். தானா ஓடணும்னா ஒரே ஒரு வரி சேர்க்கணும்: 'ரன் ஆப்ஷன்ஸ்' என்பதற்குள்ள 'ரன் ஆன்', அதன் மதிப்பு 'ஃபோல்டர் ஓப்பன்'. அவ்வளவுதான். அடுத்த முறை அந்த ஃபோல்டரைத் திறந்ததும் மூணு டெர்மினலும் தானா எழுந்து நிக்கும். டாஸ்க் ஓடும்போது டெர்மினல் கண்ணுக்குத் தெரியணுமா வேண்டாமா என்பதை 'ப்ரசன்டேஷன்' என்ற பகுதியில 'ரிவீல்' முடிவு பண்ணும். ஆல்வேஸ் என்றால் தெரியும், நெவர் என்றால் தெரியாது. கமாண்டை டெர்மினல்ல எழுதிக் காட்டணுமா என்பதற்கு 'எக்கோ'. முடிஞ்சதும் டெர்மினலை மூடிடணுமா என்பதற்கு 'க்ளோஸ்'. இந்த மூணையும் மறந்துடாதீங்க, திரும்ப வரும்.

ஃபைலை கமிட் பண்ணி கிட்ஹப்ல போட்டா, ரெப்போவை க்ளோன் பண்ற எல்லாருக்கும் இதே வசதி. மறுபடி படிங்க: க்ளோன் பண்ற எல்லாருக்கும். நான் எழுதின கமாண்ட், உங்க லேப்டாப்ல, உங்க யூசர் பேர்ல, நீங்க ஃபோல்டரைத் திறந்ததும் ஓடும். நீங்க படிக்கக்கூட இல்லை.

நம்ம ஊர் பசங்களுக்கு இது புது அனுபவம் இல்லை. ஜெராக்ஸ் கடையிலயோ ஸ்கூல் லேப்லயோ பென்டிரைவைச் சொருகிட்டு வந்தா வைரஸோட திரும்பி வந்த காலம் அண்ணன், அக்காமாருக்கு ஞாபகம் இருக்கும். விண்டோஸ் 95-ல சிடி போட்டதும் தானா இன்ஸ்டால் ஸ்க்ரீன் வரணும் என்பதற்காகக் கொண்டு வந்த ஆட்டோரன் வசதிதான் அதுக்கு ஒரு முக்கியக் காரணம். டிஸ்க்ல ஆட்டோரன்.ஐஎன்எஃப் என்று ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைல், அதுல எந்த ப்ரோக்ராம் ஓடணும் என்ற வரி. 2008 கடைசியில வந்த கான்ஃபிக்கர் புழு பென்டிரைவ் வழியாப் பரவினதுக்கு இதுவே கதவு. விண்டோஸ் 7-ல பென்டிரைவுக்கு மட்டும் அதை நிறுத்தினாங்க, 2011 பிப்ரவரியில எக்ஸ்பிக்கும் விஸ்டாவுக்கும் அப்டேட்டா அனுப்பினாங்க. வசதி வந்ததுல இருந்து கதவைச் சாத்தறதுக்கு 15 வருஷத்துக்கு மேல. எடிட்டர்கள்லயும் இதே கதைதான். 2019-ல விம் எடிட்டர்ல ஒரு ஓட்டை வெளியே வந்துச்சு: ஒரு டெக்ஸ்ட் ஃபைலோட ஓரத்துல எழுதி வைக்கற மோட்லைன் என்ற செட்டிங் வரி வழியா, ஃபைலைத் திறந்தாலே கமாண்ட் ஓட வைக்க முடிஞ்சது.

விஎஸ் கோட் 2021 மே மாதப் பதிப்புல, அதாவது 1.57-ல, ஒரு காவல்காரரை நிறுத்தினாங்க. பேர் 'வொர்க்ஸ்பேஸ் ட்ரஸ்ட்'. புது ஃபோல்டரைத் திறந்ததும் நடுவுல ஒரு பெட்டி வரும்: இந்த ஃபைல்களை எழுதினவங்களை நம்பறீங்களா? ஆமாம்னா எல்லாம் இயங்கும். இல்லைன்னா 'ரெஸ்ட்ரிக்டட் மோட்'. அதுல கோட் படிக்கலாம், தேடலாம், திருத்தலாம். டாஸ்க் ஓடாது, டீபக் ஓடாது, பல எக்ஸ்டென்ஷன் ஓடாது. தானா ஓடும் டாஸ்க்குக்கும் இந்தப் பெட்டிதான் முக்கியமான தடுப்பு. பல பதிப்புகள்ல ஆமாம்னு அமுக்கினதுக்குப் பிறகு இன்னொரு கேள்வியே வராது, டாஸ்க் அப்பவே கிளம்பும்.

சரி, அந்தப் பெட்டியை நாம எப்படிப் படிக்கறோம்? படிக்கறதே இல்லை. நீல பட்டன் எங்கே இருக்கோ அங்கே கை போகுது. என் கருத்துல குறை நம்ம மேல மட்டும் இல்லை. "எழுதினவங்களை நம்பறீங்களா" என்பது ஏதோ குணத்தைப் பத்தின கேள்வி மாதிரி இருக்கு. "இவங்க எழுதின கமாண்டை உங்க லேப்டாப்ல இப்பவே ஓட்டட்டுமா" என்று கேட்டிருந்தா பாதிப் பேர் நின்னிருப்பாங்க. கர்சர் எடிட்டர்ல இன்னும் மோசம். அது விஎஸ் கோட்ல இருந்து பிரிஞ்சு வந்தது. அதுல இந்தக் காவல் இயல்பாவே அணைச்சு வச்சிருந்ததை 2025 செப்டம்பர்ல ஒயாசிஸ் செக்யூரிட்டி என்ற நிறுவனம் வெளியே சொன்னது. கேள்வி இல்லாமலே கமாண்ட் ஓடும் என்று அர்த்தம். கர்சர் வச்சிருக்கறவங்க செட்டிங்ஸ்ல 'வொர்க்ஸ்பேஸ் ட்ரஸ்ட்' என்று தேடி அது ஆன்ல இருக்கான்னு பாருங்க.

இப்ப அந்தக் கும்பல். 2023 நவம்பர்ல பாலோ ஆல்டோ நெட்வொர்க்ஸின் யூனிட் 42 குழு ஒரு தாக்குதலை விவரிச்சு, அதுக்கு 'கன்டேஜியஸ் இன்டர்வியூ' என்று பேர் வச்சது. தொற்று நேர்காணல். வட கொரிய அரசோட தொடர்புள்ளதா பல ஆய்வாளர்கள் சொல்ற கும்பல் இது. இவங்க வங்கியை நேரா உடைக்கப் போறதில்லை. வேலை தேடற டெவலப்பர்கிட்ட ரெக்ரூட்டர் மாதிரி வர்றாங்க. ப்ரொஃபைல் நல்லா இருக்கு, ரிமோட் வேலை, டாலர்ல சம்பளம். ரெண்டு சாட்டுக்குப் பிறகு "ஒரு சின்ன அசைன்மென்ட், இந்த ரெப்போவை க்ளோன் பண்ணி ஓட்டிப் பாருங்க" என்று வருது. ரெப்போவுக்குள்ள பீவர்டெயில் என்ற ஜாவாஸ்க்ரிப்ட் திருடன். அது இன்விசிபிள்ஃபெரட் என்ற பைத்தான் நிரலை இறக்கும். பிரவுசர்ல சேமிச்ச பாஸ்வேர்டு, கிரிப்டோ வாலட், கீபோர்டுல அடிக்கறது எல்லாம் போகும், வெளியே இருந்து லேப்டாப்பை இயக்கவும் முடியும்.

ஆரம்பத்துல அவங்களுக்கு ஒரு தொல்லை இருந்துச்சு: நாம என்பிஎம் இன்ஸ்டாலோ ஸ்டார்ட்டோ அடிக்கணும். கோடைப் படிச்சுட்டு ஓட்டாம விட்டா கதை முடிஞ்சது. டாஸ்க்ஸ்.ஜேசான் அந்தத் தொல்லையையும் எடுத்துடுச்சு. படிக்கறதுக்காகத் திறந்தாலே போதும். 2026 ஜனவரியில ஜாம்ஃப் நிறுவனத்தின் ஆய்வுக் குழு இதை மேக்ல நடந்த விதத்தோட எழுதியிருக்காங்க: நம்பறேன் என்று அமுக்கினதும் டாஸ்க் ஒரு ஷெல்லைத் திறந்து, கர்ல் கமாண்டால வெளியே இருந்து ஜாவாஸ்க்ரிப்ட்டை இறக்கி, டிஸ்க்ல சேமிக்காம நேரா நோட் கிட்ட கொடுத்து ஓட்டுது. எடிட்டரை மூடினாலும் அது சாகாத மாதிரி நோஹப் வேற முன்னாடி. இன்னொரு வகையில ரெப்போவுக்குள்ள ஃபான்ட்ஸ் ஃபோல்டர்ல ஃபான்ட் ஃபைல் பேர்ல ஒண்ணு இருக்கும். உள்ளே இருக்கறது ஜாவாஸ்க்ரிப்ட். டாஸ்க் அதை நோட்ல ஓட்டும். ஃபான்ட் ஃபைலைத் திறந்து படிக்கறவங்க யார்?

மேல மறக்காதீங்கன்னு சொன்ன மூணு செட்டிங் இங்கேதான் வருது. ரிவீல் நெவர், எக்கோ ஃபால்ஸ், க்ளோஸ் ட்ரூ. டெர்மினல் வராது, கமாண்ட் தெரியாது, முடிஞ்சதும் சுவடு இருக்காது. விண்டோஸ், லினக்ஸ், மேக் மூணுக்கும் தனித்தனி கமாண்ட் எழுதற வசதியையும் விடலை. எங்க டீமுக்கு உதவின அதே வசதி.

இந்த பாணியும் புதுசு இல்லை. 2021 ஜனவரியில கூகுளின் அச்சுறுத்தல் ஆய்வுக் குழு சொன்ன விஷயம்: வட கொரியக் கும்பல் பாதுகாப்பு ஆய்வாளர்களோட நட்பாப் பேசி, சேர்ந்து வேலை செய்யலாம்னு விஷுவல் ஸ்டூடியோ ப்ராஜெக்ட் அனுப்பினாங்க. பில்ட் பண்ணும்போது தானா ஓடற பகுதியில விஷம். அன்னைக்குக் குறி துறை வல்லுநர்கள். இன்னைக்குக் குறி, ஆஃப்-கேம்பஸ்ல ஒரு நாளைக்கு முப்பது அப்ளிகேஷன் போடற நாம.

"என்கிட்ட என்ன இருக்கு, அக்கவுண்ட்ல நானூறு ரூபாய்" என்று நினைக்கலாம். நம்மகிட்ட இருக்கறது நானூறு ரூபாய் மட்டும் இல்லை. கிட்ஹப் டோக்கன் இருக்கு, இன்டர்ன்ஷிப் கம்பெனியோட கிளவுட் கீ இருக்கு, அப்பாவோட நெட்பேங்கிங் பாஸ்வேர்டு குரோம்ல இருக்கு. 2025 ஜூலையில காயின்டிசிஎக்ஸ் என்ற இந்திய கிரிப்டோ நிறுவனத்துல சுமார் 44 மில்லியன் டாலர் போச்சு. அந்த நிறுவன ஊழியர் ஒருத்தர் ஆபீஸ் லேப்டாப்ல வெளியாட்களுக்குப் பகுதிநேர வேலை செஞ்சிருக்கார், அந்த லேப்டாப் வழியாத்தான் உள்ளே வந்திருக்காங்க என்பது பெங்களூரு போலீஸ் விசாரணையில வந்த செய்தி. டாஸ்க் ஃபைலைப் பத்தி அதுல பேச்சு வரலை. ஆனா ஒரு ஆளோட லேப்டாப்புக்கும் ஒரு கம்பெனியோட பெட்டகத்துக்கும் நடுவுல எவ்வளவு தூரம் என்பது தெரியுது.

எங்க வீட்டு ஆளுக்கே இப்படி ஒண்ணு வந்துச்சு. ஃபுல் ஸ்டாக் வேலை, நேர்காணல் நாளைக்கே, அதுக்கு முன்னாடி ரெப்போவைத் திறந்து ஸ்க்ரீன் ஷேர்ல விளக்கணும். "க்ளோன் பண்ணியாச்சா, விஎஸ் கோட்ல திறந்தாச்சா" என்று பத்து நிமிஷத்துக்கு ஒரு மெசேஜ். அவன் ரெப்போவைப் பிரவுசர்லயே பார்த்துக்கிட்டிருந்தான். டாஸ்க் ஃபைல்ல ஒரு கமாண்ட், வலது பக்கம் ரொம்ப தூரம் ஸ்க்ரோல் பண்ணினாத்தான் தெரியுது. நடுவுல நூத்துக்கணக்குல வெறும் இடைவெளி. "டேய், கர்ல்னு இருக்குடா, இது எதுக்கு?" என்றான். அதையே அந்த ரெக்ரூட்டர்கிட்டயும் கேட்டான். பதில் வரலை, அன்னைக்கு ராத்திரி ப்ரொஃபைலும் இல்லை.

அவன் செஞ்சதுதான் முறை. வெளியாள் கொடுத்த ரெப்போவை முதல்ல பிரவுசர்ல பாருங்க. .விஎஸ்கோட் ஃபோல்டர் இருந்தா அதுக்குள்ள 'ஃபோல்டர் ஓப்பன்' என்ற சொல்லைத் தேடுங்க. வேர்ட் ராப்பை ஆன் பண்ணிட்டுப் படிங்க, அப்பத்தான் வலது ஓரத்துல ஒளிஞ்சது கீழே இறங்கி வரும். அடுத்து பேக்கேஜ்.ஜேசான்ல ஸ்க்ரிப்ட்ஸ் பகுதி: ப்ரீஇன்ஸ்டால், போஸ்ட்இன்ஸ்டால், ப்ரிப்பேர். இவை என்பிஎம் இன்ஸ்டால் அடிச்சாலே ஓடற வரிகள். இக்னோர் ஸ்க்ரிப்ட்ஸ் என்ற ஆப்ஷனோட இன்ஸ்டால் பண்ணினா ஓடாது. இதெல்லாம் சுத்தமா இருந்தாலும் சர்வரை ஸ்டார்ட் பண்ணினதும் அவங்க கோட் ஓடத்தான் போகுது. அதனால ஓட்டியே ஆகணும்னா உங்க லேப்டாப்ல வேண்டாம். கிட்ஹப் கோட்ஸ்பேஸ்ல இலவச அக்கவுண்ட்டுக்கே மாசம் 120 கோர்-மணி தர்றாங்க, ரெண்டு கோர் மெஷின்ல அது 60 மணி நேரம். அசைன்மென்ட்டுக்குத் தாராளம். அங்கேயும் உங்க சொந்த கீ எதையும் ஒட்டாதீங்க.

ட்ரஸ்ட் பெட்டியில இன்னொரு பொறி. கீழே ஒரு சின்ன டிக் இருக்கும்: மேல் ஃபோல்டர்ல இருக்கற எல்லாத்தையும் நம்பு. ஒரே ஒரு தடவை அதை அமுக்கிட்டா, ப்ராஜெக்ட்ஸ் ஃபோல்டருக்குள்ள இனிமே எதை க்ளோன் பண்ணினாலும் கேள்வியே வராது. புதுச்சேரி தமிழர் வீதிகள்ல பழைய வீடுகளைப் பார்த்திருப்பீங்க. தெருவை ஒட்டித் தாழ்வாரம், அதை அடுத்துத் திண்ணை, அப்புறம்தான் வாசக்கதவு. வழிப்போக்கர் திண்ணையில உக்காரலாம், தண்ணி குடிக்கலாம், கூடத்துக்குள்ள வர மாட்டார். எங்க லேப்டாப்ல 'திண்ணை' என்றே ஒரு ஃபோல்டர் வச்சிருக்கோம். வெளியாள் ரெப்போ எல்லாம் அங்கே மட்டும். அதுக்கு எப்பவும் ட்ரஸ்ட் கிடையாது. ஏற்கனவே எதை எதை நம்பியிருக்கீங்கன்னு பார்க்க கன்ட்ரோல் ஷிஃப்ட் பி அழுத்தி 'மேனேஜ் வொர்க்ஸ்பேஸ் ட்ரஸ்ட்' என்று தேடுங்க. அந்த லிஸ்ட்டைப் பார்த்து எங்க வீட்டுல ரெண்டு பேருக்கு வேர்த்துடுச்சு.

யாராவது ஏற்கனவே அமுக்கியிருந்தா: முதல்ல வைஃபையை நிறுத்துங்க. பாஸ்வேர்டு மாத்தற வேலையை அந்த லேப்டாப்ல செய்யாதீங்க, போன்ல செய்யுங்க. மெயில் முதல்ல, அப்புறம் கிட்ஹப், அப்புறம் பேங்க். எல்லா டிவைஸ்லயும் சைன் அவுட் கொடுங்க, ஏன்னா திருட்டுப் போற குக்கீக்குப் பாஸ்வேர்டே தேவையில்லை. டோக்கன், எஸ்எஸ்ஹெச் கீ எல்லாம் ரத்து. லேப்டாப்பை ஃபார்மட் பண்ணித்தான் திரும்ப எடுக்கணும். ஆன்டிவைரஸ் ஸ்கேன் சுத்தம்னு சொன்னா நம்பிடாதீங்க. பணம் போயிருந்தா 1930-க்கு உடனே போன், தாமதம் ஆக ஆக பணத்தை நிறுத்தி வைக்கற வாய்ப்பு குறையும். இன்டர்ன்ஷிப் கம்பெனி கீ இருந்தா அவங்ககிட்ட அன்னைக்கே சொல்லணும், திட்டினாலும் பரவாயில்லை.

இவ்வளவுக்கும் பிறகு, தானா ஓடற டாஸ்க் வேணுமா? நாங்க எடுத்துட்டோம். யூசர் செட்டிங்ஸ்ல 'டாஸ்க் அலோ ஆட்டோமேட்டிக் டாஸ்க்ஸ்' என்பதை ஆஃப் பண்ணிட்டோம். ஒவ்வொரு பதிப்புலயும் இயல்பு நிலை மாறலாம், நீங்களே எழுதி வச்சா அந்தக் குழப்பம் இல்லை. டாஸ்க்ஸ்.ஜேசான் அப்படியே இருக்கு, 'ஃபோல்டர் ஓப்பன்' வரி மட்டும் போச்சு. அதுக்குப் பதிலா 'எல்லாம்' டாஸ்க்கோட 'க்ரூப்' பகுதியில கைண்ட் பில்ட், ஈஸ் டிஃபால்ட் ட்ரூ என்று வச்சோம். இப்ப ஃபோல்டரைத் திறந்துட்டு கன்ட்ரோல் ஷிஃப்ட் பி-க்குப் பதில் அதே 'பி' ஒலி, ஆனா பில்ட்டோட முதல் எழுத்து, அதை கன்ட்ரோல் ஷிஃப்ட்டோட அமுக்கினா மூணு டெர்மினலும் வருது. (தமிழ்ல ரெண்டுக்கும் ஒரே எழுத்து, மன்னிக்கணும்.) ஒரு அமுக்கு அதிகம், அவ்வளவுதான்.

எடுத்ததுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. டைரென்வ் என்று ஒரு சின்ன கருவி, ஃபோல்டருக்குள்ள போனதும் என்விரான்மென்ட் செட்டிங்கை ஏத்தும். அது நாம அனுமதி கொடுத்த ஃபைல்ல ஒரு எழுத்து மாறினாலும் திரும்பக் கேக்கும். விஎஸ் கோட்டோட ட்ரஸ்ட் அப்படி இல்லை. அது ஃபோல்டருக்குக் கொடுக்கற நம்பிக்கை, உள்ளே இருக்கற ஃபைல் மாறினாலும் அப்படியே நிக்கும். நேத்து வரைக்கும் சுத்தமா இருந்த ரெப்போல இன்னைக்கு கிட் புல் பண்ணும்போது புது டாஸ்க் வந்தா, அடுத்த தடவை திறக்கும்போது சத்தமில்லாம ஓடும். எங்க டீம்ல இப்ப .விஎஸ்கோட் ஃபோல்டரைத் தொடற எந்த புல் ரிக்வெஸ்ட்டையும் ரெண்டாவது ஆள் படிச்சாத்தான் மெர்ஜ். போன வாரம் அப்படி ஒண்ணு வந்துச்சு. படிச்சுப் பார்த்தா, டேட்டாபேஸ் போர்ட் நம்பரை மட்டும் மாத்தியிருந்தான்.